மேற்குச் சன்னலில் ஒரு வெட்டிவேர்த் தட்டி

வேலூரை ‘வெயிலூர்’ என்று கேலி செய்பவர்கள் மீது எங்களுக்குக் கோபம் வருவதில்லை. கத்திரி தொடங்கும் மே 4 முதல் அது கழியும் 28 வரை இவ்வூரின் மாடி வீடொன்றில் குடியிருந்து பார்த்த எவரும் அதைக் கேலியாகவே கொள்ளமாட்டார்கள். குடியாத்தத்தை அடுத்த எங்கள் ஊரிலிருந்து என் தாயாரை 2019 ஏப்ரலில் அழைத்து வந்து, சத்துவாச்சாரியில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் மேல்தளத்தில் குடிவைத்தேன். அப்போது அவருக்கு வயது 72. ஊரில் ஓட்டு வீட்டுத் திண்ணையில் வேப்பமரக் காற்றில் படுத்துப் பழகியவர். இங்கோ தலைக்கு மேலே இருந்தது நாள் முழுதும் காயும் தளம் மட்டுமே. ஏ.சி. பொருத்தலாம் என்றால், அந்தக் குளிர் முழங்காலுக்கு ஆகாது என்று ஒரே பேச்சில் மறுத்துவிட்டார். அவர் கேட்டது வெட்டிவேர்த் தட்டி ஒன்றும், குடிநீர்ப் பானையில் போட்டுவைக்க ஒரு பிடி வேரும்தான். அந்த எளிய வேண்டுகோளைச் சரியாக நிறைவேற்ற எனக்கு மூன்று கோடைகள் ஆயின என்பதால், நான் செய்த பிழைகளையும் சேர்த்தே இங்கு எழுதுகிறேன்.

முதற்பிழை தட்டியில் நேர்ந்தது. வாங்கிவந்த தட்டியைத் தாயார் படுக்கும் அறையின் கிழக்குச் சன்னலில் உட்புறமாகக் கட்டினேன். அந்தச் சன்னலில் ஆணி அடிக்க வசதியாக இருந்தது என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் இல்லை. வெயில் உள்ளே வரக்கூடாதென்று மற்றச் சன்னல்களையும் கதவையும் அடைத்துவிட்டு, மணிக்கொரு தடவை தட்டியில் நீர் தெளித்து, மின்விசிறியையும் முழு வேகத்தில் ஓடவிட்டேன். முதல் அரைமணி நேரம் மணமும் குளிர்ச்சியும் அருமையாகத்தான் இருந்தன. பிற்பகல் மூன்று மணிக்கு அறைக்குள் நுழைந்தபோது தாயார் புடவைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்தபடி, “இட்லிப் பானையில உக்காந்த மாதிரி இருக்குது நைனா” என்றார். வேர் சரியில்லை என்று கடைக்காரரைக் குறைகூற நான் கிளம்பியது உண்மை. ஆனால் குறை வேரில் இல்லை.

வெட்டிவேர் தானாக எதையும் குளிர்விப்பதில்லை. குளிர்விப்பது அதன் மேல் படிந்திருக்கும் நீர். ஒரு லிட்டர் நீர் ஆவியாவதற்கு ஏறத்தாழ 580 கிலோகலோரி வெப்பம் வேண்டும். அதாவது ஏழு கிலோ பனிக்கட்டி உருகுவதற்கு வேண்டிய வெப்பம். அந்த வெப்பத்தை நீர் தன்னைத் தொட்டுச் செல்லும் காற்றிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. நூல்போல் நுண்ணிதாகப் பின்னிக் கிடக்கும் வேரில் நீர் பரவும் பரப்பு மிகுதி என்பதாலும், நனைந்த பிறகும் காற்று புகும் இடைவெளி அதில் இருப்பதாலும், சாக்குத் துணியைவிட வெட்டிவேர் இப்பணிக்குப் பொருந்துகிறது. மணம் அதற்கு மேல் கிடைக்கும் பேறு. ஆனால் ஈரமேறிய காற்று வெளியேற வழியில்லாமல் அறை அடைபட்டுக் கிடந்தால், சிறிது நேரத்தில் அந்தக் காற்று மேலும் நீரை ஏற்க முடியாத நிலைக்கு வந்துவிடுகிறது. அப்போது ஆவியாதல் மந்தமாகிறது, உடலின் வியர்வையும் காய்வதில்லை. என் தாயார் சொன்ன இட்லிப் பானை அதுதான்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தமிழ்நாட்டில் வெட்டிவேர் மிகுதியாகப் பயிராவது கடலூர் மாவட்டத்துக் கடலோர மணற்பாங்கில். வேர் நேராகவும் ஆழமாகவும் இறங்க அந்த இளகிய மணல் ஏற்றது. ஆனால் அதே கடலோரத்தில், காற்றிலேயே ஈரம் நிறைந்திருப்பதால், தட்டி பெரிதாகக் குளிர்ச்சி தருவதில்லை. சென்னையில் இருக்கும் என் தமக்கை என்னைப் பார்த்துத் தட்டி வாங்கி ஒரே வாரத்தில் கழற்றிவிட்டார். கடலிலிருந்து உள்ளொதுங்கி, கல்மலைகள் சூழ்ந்து, சித்திரை வைகாசியில் வறண்ட அனற்காற்று வீசும் வேலூர், ஆற்காடு, இராணிப்பேட்டைப் பக்கங்களே தட்டிக்கு உகந்த இடங்கள். இந்த ஊர் வெயிலில் எனக்குத் தெரிந்த ஒரே நன்மை இது.

மறுவாரம் தட்டியை மேற்குச் சன்னலுக்கு மாற்றினேன். அனற்காற்று அந்தப் பக்கமாகத்தான் அறைக்குள் வந்தது. சன்னலுக்கு வெளியே, கம்பியிலிருந்து ஒரு சாண் தள்ளித் தொங்கவிட்டு, அதற்கு நேர் எதிரேயுள்ள கிழக்குச் சன்னலை முழுதும் திறந்துவைத்தேன். காற்று நின்றுபோன நாள்களில் ஒரு மேசை மின்விசிறியைக் கிழக்குச் சன்னலில் வெளிப்பக்கம் நோக்கி வைத்தால், அது அறைக் காற்றை வெளியே தள்ள, தட்டி வழியாகப் புதுக்காற்று உள்ளே வந்தது. நீரையும் வாளியால் வீசி ஊற்றுவதை விட்டு, தட்டியின் மேல்விளிம்பில் துளையிட்ட பிளாஸ்டிக் குழாயைக் கட்டிச் சொட்டவிட்டதில், நீர்ச் செலவும் குறைந்தது, தட்டியும் எப்போதும் ஒரே சீராக நனைந்திருந்தது.

அந்த ஏற்பாட்டில் ஒரே ஒரு குறை இருந்தது. ஆழ்துளைக் கிணற்று நீரைச் சொட்டவிட்டதால், மூன்று வாரத்தில் வேரின் மேல் வெள்ளை உப்புப் படிந்து, தட்டி விறைத்து, மணமும் அடங்கிவிட்டது. பாலாற்றுப் படுகையின் நிலத்தடி நீர் தோல் பதனிடும் ஆலைகளின் கழிவால் கெட்ட கதை உச்ச நீதிமன்றம்வரை சென்று 1996இல் தீர்ப்பும் வந்தது என்பதை இந்த மாவட்டத்தார் அறிவர். எங்கள் தெருக் கிணற்று உப்பில் பாறையின் பங்கு எவ்வளவு, கழிவின் பங்கு எவ்வளவு என்பதை நான் பிரித்துச் சொல்ல இயலாது. எப்படியிருந்தாலும், வாரத்துக்கு ஒரு நாள் தட்டியைக் கழற்றிக் குடிநீரில் அலசி நிழலில் உலர்த்தினால் ஒரு பருவம் முழுதும் தாங்குகிறது.

இனிப் பானை நீர். ஆயுர்வேத நூல்கள் வெட்டிவேரை உசீரம் என்று குறிக்கின்றன. சுவையில் கைப்பும் சிறிது இனிப்பும், வீரியத்தில் (உடலில் காட்டும் ஆற்றலில்) சீதம், அதாவது குளிர்ச்சி, பித்தத்தையும் கபத்தையும் தணிப்பது என்பது அவை கூறும் குணம். சரக சம்ஹிதை மருந்துப் பொருள்களைப் பத்துப் பத்தாகத் தொகுத்துச் சொல்லும் இடத்தில், ‘தாஹ’த்தைத் தணிக்கும் பத்தில் ஒன்றாக உசீரம் வருகிறது. அந்த வடசொல்லுக்கு எரிச்சல் என்று பொருள்; நாம் அச்சொல்லையே தாகம் என்று ஆக்கி நீர்வேட்கைக்கு வழங்குகிறோம். என் தாயாருக்கு இந்த வேறுபாடு தெரியாது. எனினும் உள்ளங்கால் எரிச்சலுக்கும் நாவறட்சிக்கும் சேர்த்து அவர் இந்த நீரையே குடித்ததால், இரண்டு பொருளும் ஒரே குவளையில் அடங்கிவிட்டன.

முதற்கோடையில் நான் செய்தது, கடையிலிருந்து வந்த வேரை அப்படியே பானையில் போட்டது. இரண்டு நாளில் அடியில் மண் படிந்தது. ஐந்தாம் நாள் நீரின் மேல் வழவழப்பான ஆடை போல ஒன்று மிதந்தது. மணம் இன்னும் இருந்ததால் நாங்கள் அதைக் கவனிக்கவே இல்லை, வீட்டில் இருவருக்கு வயிற்றுப்போக்கு வந்த பிறகுதான் பானையை எட்டிப் பார்த்தோம். நறுமணம் என்பது நீரின் தூய்மைக்குச் சான்று ஆகாது. இப்போது நாங்கள் பின்பற்றும் முறை வேறு. ஒரு பிடி வேரை மண் போகும்வரை நான்கைந்து தண்ணீரில் அலசி, வெயிலில் மொறமொறப்பாகக் காயவைத்து, துவைத்த மல் துணியில் தளர்வாக முடிகிறோம். கொதித்து ஆறிய ஐந்து லிட்டர் குடிநீரில் அந்த முடிச்சை இரவில் இட்டு, காலையில் எடுத்துவிடுகிறோம். எடுத்த முடிச்சு அன்றைக்கு முழுதும் வெயிலில் காயவேண்டும். இவ்வாறு இரண்டு முடிச்சுகளை மாற்றி மாற்றிப் பயன்படுத்தி, ஐந்தாறு தடவைக்குப் பின் கழித்துவிடுகிறோம். பானையையும் நாள்தோறும் கவிழ்த்துக் கழுவுகிறோம். கழுவும்போது சோப்பு கூடாது, மண்ணின் நுண்துளைகள் அதைப் பிடித்துவைத்துக்கொள்ளும்.

இந்த நீரைப் பற்றிப் பேசும்போது 2019 மே மாதத்தின் மூன்றாம் வாரத்தை மறைத்துவிட்டு மேலே செல்ல எனக்கு மனம் இல்லை. தாயார் இரத்த அழுத்தத்துக்காக நீர் பிரியும் மாத்திரை ஒன்றையும் உட்கொண்டு வந்தார். உப்பையும் பாதியாகக் குறைத்திருந்தார். மணமாக இருந்ததால் வழக்கத்தைவிட இரு மடங்கு நீர் குடித்தார். நாங்களும் வற்புறுத்திக் கொடுத்தோம். ஒருநாள் மாலை குமட்டல் என்றார். தலை கனக்கிறது என்றார். உடற்சூடு என்று தீர்மானித்து மேலும் ஒரு சொம்பு வெட்டிவேர் நீர் கொடுத்தேன். இரவில் என் பெயருக்குப் பதிலாக இறந்துபோன என் மாமன் பெயரைச் சொல்லி அழைத்தபோதுதான் பயந்து மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். இரத்தத்தில் சோடியம் வெகுவாகக் குறைந்திருப்பதாகச் சொன்னார்கள். வியர்வையிலும் மாத்திரையாலும் உப்பு வெளியேறிக்கொண்டிருந்த உடலில் நான் வெறும் நீரை நிரப்பிக்கொண்டிருந்தேன். நான்கு நாள் கழித்து நலமாக வீடு திரும்பினார். இது வெட்டிவேரால் வந்த தீங்கல்ல. ஆயினும், குளிர்ச்சி என்ற ஒரே சொல்லை நம்பி, அந்த வேருக்கு இல்லாத ஆற்றலை அதன் மேல் நான் ஏற்றியதால் வந்தது.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் சில வரைகள் உண்டு. முதியவர் ஒரு நாளைக்கு எவ்வளவு நீர் குடிக்கலாம், எவ்வளவு உப்பு சேர்க்கலாம் என்பதை மருத்துவரிடம் கேட்டே தீர்மானிக்கிறோம். இதய நோயும் சிறுநீரக நோயும் உள்ளவர்களுக்கு இந்த அளவு இன்னும் கண்டிப்பானது. வெயிலில் மயங்கியவருக்கு உடல் கொதித்து, பேச்சு குழறினால், எந்த மூலிகை நீரையும் வாயில் ஊற்றாமல், நிழலில் கிடத்தி, உடம்பெங்கும் நீர் தெளித்து விசிறிக்கொண்டே 108ஐ அழைக்க வேண்டும். மயக்க நிலையில் ஊற்றும் நீர் மூச்சுக்குழாய்க்குப் போய்விடக்கூடும். கடைகளில் விற்கும் வெட்டிவேர்ச் சர்பத்தில் வேரைவிடச் சர்க்கரையே மிகுதி என்பதால், நீரிழிவுள்ள என் மனைவி அந்தப் பக்கம் போவதில்லை. உசீராசவம் என்ற ஆயுர்வேத மருந்து நொதிக்கவைத்துச் செய்வது, அதில் இயற்கையாக உண்டாகும் மது உண்டு. அதையும் வைத்தியர் சொல்லாமல் நாமாக வாங்கிக் குடிக்கலாகாது.

வேரை வாங்குவதிலும் ஏமாந்திருக்கிறேன். லாங்கு பஜார்ப் பக்கம் உள்ள நாட்டு மருந்துக் கடைகளுக்கு இரண்டாம் ஆண்டு போனபோது, ஓரிடத்தில் பாதி விலைக்குப் பெரிய கட்டாகக் கிடைத்தது. வீட்டுக்கு வந்து நனைத்ததும், ஊறிய வைக்கோலின் வாடைதான் வந்தது. எண்ணெய் வடித்தெடுத்த பிறகு மிஞ்சும் சக்கை வேரையும் கட்டுக் கட்டி விற்பதுண்டு என்பதை அப்போதுதான் அறிந்தேன். உலர்ந்த நிலையில் நல்ல வேரின் மணமும் அடங்கியே இருக்கும். ஆகவே கடையில் மோந்துபார்த்துத் தீர்மானிப்பது வீண். நாலைந்து இழைகளை உள்ளங்கையில் வைத்து, சில துளி நீர் விட்டுக் கசக்கி, ஐந்து நிமிடம் பொறுத்தால், நல்ல வேர் முதல் மழை விழுந்த மண்போல மணந்து, கையைக் கழுவிய பின்னும் விடாது நிற்கும். கடித்தால் மெல்லிய கைப்பும் காரமும் தெரியும். மூக்கைத் துளைக்கும் வாசனை உலர்ந்த வேரிலேயே வந்தால், தைலம் தெளித்திருக்கிறார்கள் என்று ஐயப்படலாம். அத்தகைய வேரைத் தட்டிக்கு வேண்டுமானால் கொள்ளலாமே தவிர, குடிநீரில் போடக்கூடாது.

இன்னொரு குழப்பமும் கடையில் நேரும். வெட்டிவேர் கேட்டால் சிலர் விலாமிச்சை வேரை எடுத்துக் கொடுப்பார்கள். இரண்டும் ஒன்றுதான் என்றும் சொல்வார்கள். ஒன்றல்ல. வெட்டிவேர் ஒரு புல்லின் வேர். விலாமிச்சையோ துளசியின் குடும்பத்தைச் சேர்ந்த செடி. இரண்டுக்கும் மணமும் உண்டு, குளிர்ச்சிக் குணமும் உண்டு என்பதே குழப்பத்துக்குக் காரணம்.

இந்த வேறுபாட்டின் தேவை எனக்குப் புரிந்தது 2021 ஐப்பசியில், எனக்கே காய்ச்சல் வந்தபோது. இரத்தப் பரிசோதனையில் டெங்கு இல்லை என்று தெரிந்த பிறகும், மூன்று நாளாக அடங்காத நாவறட்சி. எங்களுக்குத் தெரிந்த ஆயுர்வேத வைத்தியர் ஒருவர் ஷடங்க பானீயம் வைத்துக் குடிக்கச் சொன்னார். காய்ச்சலில் தோன்றும் நீர்வேட்கைக்குச் சரகர் கூறும் நீர் அது: கோரைக்கிழங்கு, பற்பாடகம், வெட்டிவேர், சந்தனம், விலாமிச்சை, சுக்கு ஆகிய ஆறும் சம அளவு. இடித்த பொடியில் ஒரு பங்குக்கு 64 பங்கு நீர் சேர்த்து, பாதியாகச் சுண்டவைத்து, ஆறவைத்து அவ்வப்போது குடிப்பது முறை. பத்து கிராம் பொடிக்கு 640 மில்லி நீர் விட்டு 320 ஆக்கினோம். கஷாயம்போலக் கெட்டியாக்காமல் நீர்த்த நிலையிலேயே வைப்பதால், நாவில் ஒட்டும் அந்தக் கசப்பு வெறுப்பூட்டவில்லை. காய்ச்சல் தன் போக்கில்தான் இறங்கியது; வறட்சி மட்டும் அன்று மாலையே தணிந்தது என்பதை நான் உறுதியாகச் சொல்வேன்.

படுக்கையில் கிடந்தபோது நிலவேம்புக் குடிநீர்ப் பொட்டலத்தை எடுத்துப் பார்த்தேன். அதிலுள்ள ஒன்பது சரக்குகளில் மேலே சொன்ன ஆறும் அப்படியே இருக்கின்றன. கூடுதலாக நிலவேம்பு, மிளகு, பேய்ப்புடல் என்ற மூன்று. சித்த மருத்துவமும் ஆயுர்வேதமும் வேறு வேறு என்று வாதிடுவோர் ஏராளம்; காய்ச்சற்காரனின் பானையில் மட்டும் இரண்டும் இவ்வளவு நெருங்கி நிற்பது எனக்கு வியப்பாக இருந்தது. வெட்டிவேரும் விலாமிச்சையும் இரண்டு பட்டியலிலும் தனித்தனிச் சரக்காக வருவதால், ஒன்றுக்கு மற்றொன்றை மாற்றிக் கொடுக்கும் கடைக்காரரிடம் இனி வாதிட எனக்கு ஆதாரம் கிடைத்துவிட்டது.

குளியல் பொடியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். பாசிப்பயறு, கோரைக்கிழங்கு, பூலாங்கிழங்கு, கார்போக அரிசியோடு வெட்டிவேரையும் சேர்த்துச் சீயக்காய் மில்லுக்குக் கொடுத்தபோது, வேர் நார் இயந்திரத்தில் சுற்றிக்கொண்டு நின்றுவிட, மில்காரரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். வேரை அரிவாள்மனையில் அரை அங்குலத் துண்டுகளாக நறுக்கி, இரண்டு நாள் நல்ல வெயிலில் காயவைத்து, பயற்றோடு கலந்தே அரைக்கத் தரவேண்டும். அரைத்த பின் வஸ்திரகாயம் செய்யாமல், அதாவது துணியில் சலிக்காமல் விட்டால், கண்ணுக்குத் தெரியாத நார்முனைகள் வியர்க்குருவின் மேல் முள்ளாகக் கீறும். சலித்த பொடியை மோரில் குழைத்துத் தடவியதில் என் மகளுக்குக் கழுத்து வியர்க்குரு ஒரு வாரத்தில் அடங்கியது. சலித்து மிஞ்சிய நாரை நல்லெண்ணெயில் போட்டுப் பத்து நாள் வெயிலில் வைத்தால் தலைக்குத் தேய்க்கும் எண்ணெயும் ஆயிற்று. ஆனால் நனைந்த வேரைப் போட்டால் எண்ணெய் சிக்குவாடை எடுத்துவிடும்.

வேரை நாமே வளர்த்தால் என்ன என்ற ஆசை 2022இல் வந்தது. ஊர் நிலத்தின் களிப்பாங்கான வரப்பில் நட்ட தூர்கள் ஆள் உயரம் வளர்ந்தன. தோண்டப் போனபோது கடப்பாரை வளைந்ததுதான் மிச்சம், வேரெல்லாம் பாதியில் அறுந்துவிட்டது. வெட்டி எடுக்கும் வேர் என்று முன்னோர் பெயரிட்டது எவ்வளவு பொருத்தம் என்று அப்போது புரிந்தது. பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் வழங்கும் பெயரும் நம் தமிழ்ச் சொல்லே. மறுமுறை, மணலும் மக்கிய எருவும் நிரப்பிய உரச் சாக்குகளை மொட்டைமாடியில் நிறுத்தி, சாக்குக்கு இரண்டு தூர் வீதம் நட்டோம். பதினான்கு மாதம் கழித்துச் சாக்கைக் கிழித்து நீரைப் பீய்ச்சியபோது வேர் அறுபடாமல் முழுக்கற்றையாக வந்தது. மூன்று சாக்கில் கிடைத்தது ஒரு தட்டிக்குப் போதாது, பானைக்கு ஓராண்டுக்கு மிகுதி. தாயார் ஓர் இழையைக் கடித்துப் பார்த்து, “கடை வேர் அளவுக்கு வாசம் பத்தல, மண்ணு மட்டும் நம்ம மண்ணு” என்றார்.

ஆனி பிறந்து மேகம் கூடத் தொடங்கினால் காற்றின் வறட்சி குறைந்துவிடுகிறது. தட்டியில் நீர் தெளித்தும் குளிராத முதல் நாள் வந்தவுடன், அதைக் கழற்றி, குடிநீரில் அலசி, இரண்டு நாள் வெயிலில் காயவைத்து, வேப்பிலையோடு துணியில் சுற்றிப் பரண்மேல் ஏற்றிவிடுவோம். உதிர்ந்த வேர்த் துண்டுகளைத் தாயார் பொறுக்கியெடுத்துத் தம் மரப்பெட்டியில் பட்டுப்புடவைகளுக்கு இடையில் வைத்துக்கொள்வார்.